இரண்டு பஞ்சாங்கம், ஒரே வானம்

பங்குனி பாதி தாண்டியதும் மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் புதுப் பஞ்சாங்கம் வந்து இறங்கிவிடும். விபூதி, ஊதுவத்தி, கற்பூரப் பொட்டலங்களுக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பார்கள். ‘பஞ்சாங்கம் ஒண்ணு குடுங்க’ என்றால், விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். ‘வாக்கியமா, திருக்கணிதமா?’ என்று திருப்பிக் கேட்பார். அட்டையில் பாம்பு படம் போட்ட பாம்புப் பஞ்சாங்கம், வாக்கியம். பக்கத்துக் கட்டில் இருப்பது திருக்கணிதம். தாத்தா எதை வாங்கினாரோ அதை அப்பா வாங்கினார், அப்பா வாங்கியதை நாம் வாங்குகிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

வித்தியாசம் சின்னது இல்லை. 2020-ல் நடந்ததைப் பாருங்கள். திருக்கணிதப்படி, சனி பகவான் தனுசு ராசியை விட்டு மகரத்துக்குள் நுழைந்தது அந்த வருஷம் ஜனவரி 24-ம் தேதி. வாக்கியப்படி டிசம்பர் 27. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், சனிப்பெயர்ச்சி விழா டிசம்பர் 27 விடியற்காலையில்தான் நடந்தது. நடுவே முழுசாகப் பதினோரு மாதம்! விருச்சிக ராசிக்காரருக்கு ‘ஏழரை முடிந்தது, இனி நிம்மதி’ என்கிறது ஒரு பஞ்சாங்கம். ‘கொஞ்சம் பொறு, இன்னும் பதினோரு மாசம் இருக்கு’ என்கிறது இன்னொன்று. பாவம், அவர் எள் தீபத்தை நிறுத்துவதா, தொடர்வதா?

ஜோசியம் பலிக்குமா, பலிக்காதா என்ற வம்புக்கு நான் வரவில்லை. என் கேள்வி வேறு. வானத்தில் இருப்பது ஒரே ஒரு சனி. அவர் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். அப்படியிருக்க, படித்தவர்கள் கணக்குப் போட்டு அச்சடிக்கும் இரண்டு புத்தகங்கள் எப்படிப் பதினோரு மாதம் முரண்படுகின்றன?

பதில், கிண்டி பக்கம் எந்த இன்ஜினீயரிங் மாணவனைக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரு சமாசாரத்தில் இருக்கிறது. அதற்குப் பெயர் இன்டர்பொலேஷன். கூடப் பிறந்த தம்பி, எக்ஸ்ட்ராபொலேஷன்.

பயப்படாதீர்கள், உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மார்கழியில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறார்கள். புள்ளிகள் நிச்சயமானவை. அவற்றைச் சேர்க்கும் கோடு, போடுகிறவர் கையில். விஞ்ஞானமும் அப்படித்தான். ஆறு மணிக்கு டெம்பரேச்சர் 26 டிகிரி, எட்டு மணிக்கு 30 என்று இரண்டு புள்ளிகள் கிடைக்கின்றன. ஏழு மணிக்கு எவ்வளவு? யாரும் அளக்கவில்லை. இரண்டு புள்ளிக்கும் நடுவே கோடு இழுத்து 28 என்கிறோம். இது இன்டர்பொலேஷன். அதே கோட்டை இன்னும் நீட்டி, ‘இரவு எட்டு மணிக்கு 54 டிகிரி’ என்றால், அது எக்ஸ்ட்ராபொலேஷன். கூடவே பைத்தியக்காரத்தனமும்!

பாடப்புத்தகத் தமிழில் முதலாவதற்கு ‘இடைச்செருகல்’ என்று பெயர். நமக்கு இந்த வார்த்தையைக் கேட்டால் கம்பராமாயணத்தில் யாரோ பிற்காலப் புலவர் கைவரிசை காட்டி நுழைத்த பாட்டுதான் ஞாபகம் வரும். வேடிக்கை என்னவென்றால் ஆங்கில வார்த்தைக்கும் அதே இரண்டு அர்த்தம் உண்டு. பொருத்தம்தான். இரண்டுமே, அசலில் இல்லாததை நாமே நடுவில் நுழைப்பது. நல்ல செருகல் என்றால் அசலோடு ஒட்டி நிற்கும். மோசமானது காலப்போக்கில் பல்லை இளிக்கும்.

இந்த வேலைக்கு இன்று மாணவர்கள் பயன்படுத்துவது மேட்லாப் போன்ற சாஃப்ட்வேர். அமெரிக்காவில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர் 1970-களின் கடைசியில் தன் மாணவர்களுக்காக எழுதியது. புள்ளிகளைக் கொடுத்து, ‘நடுவில் இந்த இடத்தில் என்ன மதிப்பு?’ என்று கேட்டால் கண் இமைப்பதற்குள் சொல்லிவிடும். ஆனால், அதன் சாதாரண நேர்கோட்டு முறையில், புள்ளிகளுக்கு வெளியே ஓர் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. மூன்று எழுத்து வரும். தமிழில் எழுத்துக்கூட்டினால் ‘நான்’! அகங்காரம் என்று நினைக்காதீர்கள். ‘நாட் எ நம்பர்’ என்பதன் சுருக்கம் அது. ‘இது எண்ணே இல்லை, எனக்குத் தெரியாது’ என்று அர்த்தம். கோட்டை வெளியே நீட்டித்தான் ஆகவேண்டும் என்றால், அதைத் தனியாக ஒரு வார்த்தை போட்டுக் கேட்க வேண்டும். ‘நீ சொன்னதால் நீட்டுகிறேன், பொறுப்பு உன்னுடையது’ என்கிற மாதிரி.

இந்த ஜாக்கிரதைக்குக் காரணம் உண்டு. 1977-ல் மோலர் மற்ற இருவரோடு சேர்ந்து எழுதிய பாடப்புத்தகத்தில் ஒரு பயிற்சிக் கணக்கு இருக்கிறது. 1900-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒன்றாக அமெரிக்க சென்சஸ் எண்கள். இவற்றின் வழியே ஒரு வளைவு வரைந்து, அடுத்த சென்சஸுக்கு நீட்டு. வளைவைச் சிக்கலாக்கச் சிக்கலாக்க அது புள்ளிகளோடு பிரமாதமாக ஒட்டும். ஆனால், கடைசிப் புள்ளியைத் தாண்டியதும் தறிகெட்டு ஓட ஆரம்பித்துவிடும். புள்ளிகளோடு நன்றாக ஒட்டுகிறது என்பது, புள்ளிகளுக்கு வெளியே என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நம் பஞ்சாங்கத்துக்கு வருவோம்.

வாக்கியப் பஞ்சாங்கம் என்று ஏன் பெயர்? அந்தக் காலத்துக் கணிதர்கள் நிலாவின் தினசரி நிலையைச் சின்னச் சின்ன சமஸ்கிருத வாக்கியங்களாக மாற்றி மனப்பாடம் செய்தார்கள். மொத்தம் 248 வாக்கியங்கள். வரருசி செய்தது என்று மரபு சொல்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். ‘கடபயாதி’ என்ற இந்த முறையில் க, ட, ப, ய நான்குமே 1. அங்கிருந்து வரிசையாக 2, 3, 4 என்று போகும். வார்த்தையைக் கண்டுபிடித்து, எண்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். ‘தேவர’ என்றால் 8, 4, 2. திருப்பினால் 248. இந்த 248 நாள் சுற்றுக்கே ‘தேவரம்’ என்றுதான் பெயர்! எண்ணே பெயர், பெயரே எண். டெலிபோன் நம்பரை இப்படி மாற்றி வைத்துக்கொண்டால் ஜென்மத்துக்கும் மறக்காது.

ஏன் 248? நிலா ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது விரைவாகவும், தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகரும். பக்கத்திலிருந்து புறப்பட்டு மறுபடி பக்கத்துக்கு வர ஏறக்குறைய இருபத்தேழரை நாள். இப்படி ஒன்பது முறை ஆனால் 248 நாள். பதின்மூன்று நிமிஷம்தான் குறையும். அந்தக் குறையையும் சரிக்கட்ட இன்னொரு பெரிய சுற்று இருக்கிறது. 110 முறை ஆனால் 3,031 நாள். இதில் வித்தியாசம் ஒரு நிமிஷத்துக்குள்! அதற்குப் பெயர் ‘கலாநிலம்’. க 1, ல 3, நி 0, ல 3. திருப்பிப் படியுங்கள், 3031. இதற்கும் மேலே 12,372 நாள் சுற்று, அதற்கும் மேலே பதினாறு லட்சம் நாள் சுற்று. இன்றுவரை கடந்த நாட்களை எண்ணி, பெரிய சுற்றிலிருந்து வரிசையாகக் கழித்துக்கொண்டே வந்தால், மிஞ்சும் நாள் எத்தனையாவது வாக்கியம் என்று சொல்லிவிடும். கழித்த சுற்றுகளுக்கு உரிய எண்களையும் கூட்டிக்கொண்டால், தீர்ந்தது விஷயம். டெலஸ்கோப் வேண்டாம். வானத்தைப் பார்க்கக்கூட வேண்டாம்.

வாக்கியங்கள் தருவது தினம் ஒரு புள்ளி. சுற்றின் முதல் நாள் நிலா 12 பாகை 3 கலை. இரண்டாம் நாள் 24 பாகை 9 கலை. மூன்றாம் நாள் 36 பாகை 22 கலை. (ஒரு பாகைக்கு 60 கலை.) ஆனால், திதி என்ன சூரிய உதயம் பார்த்தா முடிகிறது? மத்தியானம் மூணு மணிக்கு முடியும், நடுராத்திரியில் முடியும். அதற்கு நடுவில் இருக்கும் நிலை வேண்டும். அங்கேதான் ‘திரைராசிகம்’ என்ற ரூல் ஆஃப் த்ரீ வருகிறது. முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் நடுவே நிலா போனது 12 பாகை 6 கலை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. அப்படியானால் 30 நாழிகையில் 6 பாகை 3 கலை. ஆக, நிலா 18 பாகை 6 கலையில். மேட்லாப் செய்வதும் அட்சரம் பிசகாமல் இதுவேதான்.

‘நிலாவின் வேகம்தான் மாறிக்கொண்டே இருக்கிறதே, நேர்கோடு போட்டால் தப்பாகாதா?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. முதல் நாளில் 12 பாகை 6 கலை போன நிலா, அடுத்த நாளில் 12 பாகை 13 கலை போகிறது. ஏழு கலை அதிகம். இந்த வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், நேர்கோட்டுக்கும் வளைவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கலைக்கும் குறைவு. நேரத்தில் சொன்னால் இரண்டு நிமிஷத்துக்குள். இதற்குப் போய் யார் தலையை உடைத்துக்கொள்வார்கள்? வளைவைச் சேர்க்கத் தெரியாமல் இல்லை. பிரம்மகுப்தர் 665-ல் எழுதிய ‘கண்டகாத்யகம்’ நூலில், வித்தியாசத்தின் வித்தியாசத்தையும் எடுத்துக்கொண்டு வளைவாகச் செருகும் சூத்திரம் இருக்கிறது. நியூட்டனுக்கு ஆயிரம் வருஷம் முந்தி. சீனாவிலும் 600 வாக்கில் லியு ஜுவோ இதே மாதிரி முறை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். தெரிந்தே, இங்கே நேர்கோடு போதும் என்று விட்டார்கள். கணக்குப் போடுகிறவனின் கெட்டிக்காரத்தனம், எங்கே நிறுத்தலாம் என்று தெரிவதில் இருக்கிறது.

இந்த வித்தையைப் பார்த்து ஐரோப்பியர்கள் அசந்துபோன கதை நம் பக்கத்துப் பாண்டிச்சேரியில் நடந்தது. லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனை சுக்கிரன் கடப்பதைப் பார்க்கக் கப்பலேறினார். 1761-ல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டு கோட்டைவிட்டார். எட்டு வருஷம் காத்திருந்து 1769-ல் பாண்டிச்சேரியில் தயாராக உட்கார்ந்தார். சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிவிட்டது. ஊருக்குத் திரும்பினால், அவர் செத்துவிட்டதாக நினைத்துச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்! இவ்வளவு துரதிர்ஷ்டத்திலும் அவருக்குக் கிடைத்த ஒரு லாபம், தமிழ்க் கணிதர்களின் கிரகணக் கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் நம்மவர் கணக்கு 41 வினாடிதான் பிசகியது. ஐரோப்பாவில் அப்போது பேர் பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி பார்த்தால் பிசகு 68 வினாடி.

அடுத்து வந்தவர் ஜான் வாரன். நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தைச் சில வருஷம் கவனித்துக்கொண்டவர். 1825-ல் சென்னையில் ‘கால சங்கலித’ என்ற தடித்த புத்தகத்தை வெளியிட்டார். அதில் பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, தாளும் எழுதுகோலும் இல்லாமல், அட்டவணை முழுவதையும் வாக்கியமாக மனசிலிருந்து எடுத்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை விவரிக்கிறார். 1825 மே 31 நள்ளிரவை ஒட்டி வந்த கிரகணம் அது. தொடக்க நேரத்தில் 4 நிமிஷம் பிசகு. நடுநேரத்தில் 23. முடிவில் 52.

மனசிலிருந்து போட்ட கணக்குக்கு இது அபாரம். ஆனால், இன்னொன்றையும் வாரன் கவனித்தார். அந்தக் கணிதருக்கு முறை தெரியும், அதன் பின்னால் இருக்கும் சித்தாந்தம் தெரியாது. 1282-க்கும் 1306-க்கும் நடுவே எப்போதோ, காஞ்சிபுரம் வட்டாரத்தில் எழுதப்பட்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதும் ‘வாக்கியகரணம்’ என்ற நூலின் முறை அது. (இந்த நூலைக் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் சேர்ந்து பதிப்பிக்க, 1962-ல் வெளியிட்டது மயிலாப்பூரில் இருக்கும் குப்புசுவாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிலையம்.) ஐந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ வைத்த புள்ளிகள். அவர் அவற்றை அழகாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். புள்ளிகள் இன்னும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று கேட்க அவருக்கு வழியில்லை.

புள்ளிகளில் என்ன கோளாறு? இரண்டு கோளாறு. ஒன்று நடுவில். மற்றொன்று வெளியில்.

முதலில் நடுவில். அந்தக் காலத்தில் நிலாவின் கணக்கைச் சோதித்துப் பார்க்க ஒரே வழி கிரகணம். கிரகணம் வருவது பௌர்ணமியிலும் அமாவாசையிலும் மட்டுமே. அந்த நாட்களில் நிலா தன் சராசரி இடத்திலிருந்து அதிகபட்சம் 5 பாகை முன்னே பின்னே இருக்கும். நம் முன்னோர்கள் 5 பாகை என்றே வைத்தார்கள். கன கச்சிதம். அதனால்தான் கிரகணம் பலித்தது. ஆனால், சூரியனின் இழுப்பால் நிலாவுக்கு இன்னோர் ஆட்டம் இருக்கிறது. அரை நிலா நாட்களில், அதாவது அஷ்டமி சமயத்தில், அந்த 5 பாகை ஏழரை வரை போகும். இரண்டரைப் பாகை வித்தியாசம். சூரியனை விட்டு நிலா விலகும் வேகத்தில் இதைக் கடக்க ஐந்து மணி நேரம் ஆகும். பௌர்ணமி, அமாவாசை என்ற இரண்டு புள்ளிகளில் கச்சிதமாக உட்கார்ந்த வளைவு, இரண்டுக்கும் நடுவே நிஜத்தைவிட்டு விலகி நின்றது!

இந்தத் தவறை கிரேக்கர்களும் செய்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவில் டாலமி அரை நிலாவையும் அளந்து பார்த்தபோதுதான் அது வெளிப்பட்டது. நம் நாட்டில் 932 வாக்கில் முஞ்ஜாலர் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார். ஒடிசாவில் சந்திரசேகர சாமந்தர் என்பவர் மூங்கில் குழாய்களை வைத்துக்கொண்டு தானாகவே இதைக் கண்டுபிடித்தார். அவருடைய நூல் 1899-ல் அச்சானது. வாக்கியத்தில் மட்டும் அது ஏறவில்லை.

‘ஐந்து மணி நேரம்தானே, போகட்டுமே’ என்பீர்கள். உங்கள் அப்பாவின் சிராத்தம் அஷ்டமி திதியில் வருகிறது என்று வையுங்கள். திதி மத்தியானத்துக்குப் பிறகு இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்துத்தான் எந்தத் தேதி என்பதே முடிவாகும். ஐந்து மணி நேரம் நகர்ந்தால் தேதியே மாறும். தி.நகரில் இருக்கும் அண்ணன் வீட்டில் செவ்வாய்க்கிழமையும், அடையாறில் இருக்கும் தம்பி வீட்டில் புதன்கிழமையும் ஒரே அப்பாவுக்கு இலை போடுகிற விபரீதம் இப்படித்தான் வருகிறது. கோகுலாஷ்டமி இரண்டு நாளாக வருவதற்கு ரோகிணி நட்சத்திரம், சம்பிரதாயம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால், கணக்கு அதிகம் தடுமாறும் திதியில்தான் கிருஷ்ணர் பிறந்திருக்கிறார் என்பது அவர் லீலைகளில் சேர்த்தி!

இப்போது வெளியில். வாக்கியத்தின் வருஷம், ஆரியபட்டர் சொன்ன 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தத்பரை. நம் கடிகாரத்தில் 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 30 விநாடி. நட்சத்திரங்களை வைத்து இன்று அளந்த வருஷம் 365 நாள் 6 மணி 9 நிமிஷம் 10 விநாடி. ஐந்தாம் நூற்றாண்டில் வெறும் கண்ணால் பார்த்து, மூன்று நிமிஷம் இருபது விநாடி மட்டுமே தப்பு. கையெடுத்துக் கும்பிட வேண்டிய துல்லியம். ஆனால், கோட்டை நீட்டிக்கொண்டே போனால்? வருஷத்துக்கு 200 விநாடி. 432 வருஷத்தில் ஒரு முழு நாள். ஆயிரத்தைந்நூறு வருஷத்தில் மூன்றரை நாள். சரிவு கொஞ்சமே கொஞ்சம் பிசகினாலும், தூரம் போகப் போகக் கோடு வேறு ஊருக்குப் போய்ச் சேரும்.

சனியின் விஷயத்தில் இது இன்னும் மோசம். அவர் மந்தன். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம். இடத்தில் சில பாகை பிசகினால், நாளில் மாதக் கணக்கில் பிசகும். அந்த 2020 டிசம்பர் 27 அன்று, திருக்கணிதப்படி சனி மகரத்துக்குள் ஏறக்குறைய ஏழு பாகை போயிருந்தார். வாக்கியப்படி அப்போதுதான் வாசல்படி ஏறுகிறார். ஏழு பாகைக்குப் பதினோரு மாதம்.

இதில் நம் மேல் மட்டும் பழிபோட வேண்டாம். ஐரோப்பாவின் அட்டவணைகளும் குருவையும் சனியையும் பிடிக்க முடியாமல் திணறின. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஹாலி, குரு வேகம் கூடுகிறது, சனி வேகம் குறைகிறது என்று குழம்பினார். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன, ஏறக்குறைய 900 வருஷச் சுற்றில் இது திரும்பிவிடும் என்று 1785-ல் லாப்லாஸ்தான் விடுவித்தார். சில நூறு வருஷத்துப் புள்ளிகளை மட்டும் பார்த்தவர்களுக்கு அது முடிவில்லாத கோடாகத் தெரிந்தது. நிஜத்தில் ஒரு பெரிய வளைவின் சின்னத் துண்டு!

நம் ஊரில் ‘புள்ளிகளைப் புதுசா வைக்கணும்’ என்று உரக்கச் சொன்னவர், மயிலாப்பூருக்குப் பக்கத்தில் நுங்கம்பாக்கத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதம் தெரிந்த குடும்பத்தவர். ஆய்வகத்தில் நார்மன் பாக்ஸனின் கீழ் முதல் உதவியாளர். இரவில் டெலஸ்கோப், பகலில் கணக்கு. 1867-ல் ‘ஆர் ரெடிகுலி’ என்ற, ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 18 பூரண சூரிய கிரகணத்தைப் பார்க்க வனபர்த்திக்குப் போன குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1874 டிசம்பர் 9-ம் தேதி சுக்கிரன் சூரியனைக் கடந்ததை நம் ஜனங்களுக்குப் புரியவைக்க, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சின்னப் புத்தகம் போட்டார்.

ஒரு கையில் வாக்கியம், மறு கையில் டெலஸ்கோப். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டிய நிலை அவருக்கு. சும்மா இருக்க முடியுமா? 1860-களின் இறுதியிலிருந்து ‘திருக்கணித’ பஞ்சாங்கம் வெளியிட ஆரம்பித்தார். ‘த்ருக்’ என்றால் பார்வை. கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும் கணிதம் என்று பொருள். வைதீகர்கள் மத்தியில் சண்டை கிளம்பியது. ரிஷிகள் சொன்னதை வெள்ளைக்காரன் குழாயில் பார்த்து மாற்றுவதா? 1880-ல் அவர் காலமானார். சண்டை காலமாகவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மேக்நாத் சாஹா தலைமையில் 1952-ல் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. 1955-ல் அறிக்கை வந்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி வந்தது. மாட வீதியில் பாம்புப் பஞ்சாங்கமும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு விஷயம் கவனியுங்கள். திருக்கணிதக்காரரும் புள்ளிகளைத்தான் சேர்க்கிறார். வானியல் அட்டவணை அவருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கான எண்களைத்தான் கொடுக்கும். நடுவில் செருகுவது அவர் வேலை. முறை ஒன்றேதான். அவருடைய புள்ளிகளை யாரோ ஒருவர் தொடர்ந்து வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கிறார். வாக்கியத்தின் புள்ளிகளை யாரும் திருத்துவதில்லை. வித்தியாசம் இவ்வளவுதான்.

திருத்தக் கூடாது என்று மரபு சொன்னதா? சொல்லவே இல்லை. கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவர், பதினான்காம் நூற்றாண்டின் கடைசி வாக்கில், அதே நிலா வாக்கியங்களை விகலை வரை துல்லியமாக்கினார். நிலாவின் நிலையை நாளுக்கு ஒன்பது முறை, அதாவது இரண்டு மணி நாற்பது நிமிஷத்துக்கு ஒரு புள்ளியாகக் கணிக்கவும் வழி செய்தார். அவருடைய சிஷ்யர் பரமேஸ்வரர் ஐம்பத்தைந்து வருஷம் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு, 1431-ல் பழைய எண்களைத் திருத்தி ஒரு நூல் எழுதினார். நூலின் பெயர் என்ன தெரியுமா? ‘த்ருக்கணிதம்’! ரகுநாதாச்சாரிக்கு நானூறு வருஷம் முந்தி. டெலஸ்கோப் கண்டுபிடிப்பதற்கும் முந்தி. அதற்கடுத்த தலைமுறைகளில் வந்த நீலகண்ட சோமயாஜி, கணக்கும் வானமும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கைத்தான் திருத்த வேண்டும் என்று வாதாடுவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அவருக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டவர்களில் ஒருவர், தமிழ்நாட்டுக் கணிதர் சுந்தரராஜர். வாக்கியகரணத்துக்கு உரை எழுதியவரே அவர்தான். இந்தப் பழைய சுவடிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பதிப்பித்த கே.வி. சர்மா, கடைசிக் காலத்தில் அடையாறில் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்து, 2005-ல் காலமாகும்வரை இந்த வேலையைத்தான் செய்தார்.

ஆக, பார்த்துத் திருத்துவதும் நம் மரபுதான். நடுவில் எங்கேயோ, பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சேர்ப்பதை மட்டும் தொடர்ந்தோம்.

மறுபடி 2020-க்கு வாருங்கள். டிசம்பர் 21-ம் தேதி சாயங்காலம் உலகமே மேற்கு வானத்தைப் பார்த்தது. குருவும் சனியும் ஒட்டினாற்போல் வந்த நாள் அது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி பத்தில் ஒரு பாகை. பௌர்ணமி நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்கே இரண்டும் ஏறக்குறைய ஒரே நட்சத்திரம் மாதிரி. அன்றைய வாக்கியப் பஞ்சாங்கப்படி குரு நவம்பர் 15-ம் தேதியே மகரத்துக்கு வந்துவிட்டார். திருக்கணிதத்தோடு ஒப்பிட்டால் ஐந்தே நாள்தான் வித்தியாசம், பிரமாதமான கணக்கு. ஆனால் சனி? இன்னும் தனுசில்! புத்தகத்தில் ஒருவர் இந்த வீட்டில், மற்றவர் அடுத்த வீட்டில். வானத்தில் இருவரும் ஒரே திண்ணையில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள்.

பரிகாரத்தை எந்தத் தேதியில் செய்வது என்பது உங்கள் நம்பிக்கை, உங்கள் குடும்ப வழக்கம். கோயில் வழக்கத்தை மாற்றச் சொல்ல நான் யார்? ஆனால், சனி எங்கே இருக்கிறார் என்பது நம்பிக்கை சம்பந்தப்பட்டதில்லை. அவர் வெறும் கண்ணுக்கே தெரிகிற ஆசாமி. மினுக்காத, லேசான மஞ்சள் வெளிச்சம். அடுத்த பெயர்ச்சி சமயத்தில் ஒருநாள், மேகமில்லாத ராத்திரியாகப் பார்த்து, பஞ்சாங்கத்தோடு மொட்டைமாடிக்குப் போங்கள். ஒரு புள்ளியை நீங்களே வைத்துப் பாருங்கள். நாழிகையும் விநாழிகையும் எண்ணிய நம் கணிதர்கள் முதலில் செய்த காரியம் அதுதான்.